பாடமில்லாத ஆறு நாட்கள்

தனிவகுப்பு என்பது ஓர் ஆசிரியர் ஒரே ஒரு மாணவருக்கு, வாரத்துக்கு ஒருமுறை, முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ எதிரெதிரே அமர்ந்து கற்பிக்கும் முறையாகும். வாரத்தின் 168 மணி நேரத்தில் ஆசிரியரின் கண்ணெதிரே மாணவர் வாசிப்பது ஒரு மணி நேரமே என்பதால், மிச்சமுள்ள ஆறு நாட்களில் அவர் தம் வீட்டில் என்ன வாசிக்கிறார், எப்படி வாசிக்கிறார், வாசித்ததை எப்படிக் கேட்கிறார் என்பதே அவர் பெறும் கல்வியின் பெரும்பகுதியாகிறது. சென்னையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கிட்டார் தனிவகுப்பு நடத்திவரும் இக்கட்டுரையாளர், எளிய இந்தக் கணக்கைத் தொழிலுக்கு வந்து ஏழெட்டு ஆண்டுகள் கழிந்த பிறகே முழுமையாக உணர்ந்தார். அதுவரை ஒரு பாடத்துக்குள் எவ்வளவு சொல்லித்தர முடியும் என்பதில் இருந்த அவரது அக்கறை, அதன் பிறகு, மாணவர் படியிறங்கிப் போகும்போது அவர் காதில் எது தங்கியிருக்கிறது என்பதை நோக்கித் திரும்பியது. ஆசிரியர் இல்லாத இடத்திலும் தவற்றைக் கண்டுகொள்ளும் ஒரு காதை மாணவரிடம் உருவாக்குவதே தனிவகுப்பின் முதன்மையான வேலை என்பது அவரது துணிபு. கீழே விவரிக்கப்படும் வழக்கங்கள் எல்லாம் அதிலிருந்து பிறந்தவை.

கிட்டார் சென்னைக்குப் புதிய கருவியன்று. தேவாலயப் பாடகர் குழுக்கள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், ஹோட்டல் இசைக்குழுக்கள், கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்கள் எனப் பல வழிகளில் அது இந்நகரத்தில் வேர்விட்டது; அண்ணா சாலையில் 1842 வரை பின்னோக்கிச் செல்லும் மரபுடைய மியூசி மியூசிக்கல் போன்ற கடைகள் கருவியையும் இசைத்தாளையும் விற்றதோடு, லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் தேர்வுகளுக்கும் இங்கே வழிசெய்தன. தன்ராஜ் மாஸ்டரிடம் இளையராஜா மேற்கத்திய இசை பயின்றதும், ட்ரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தேறியதும், பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மானும் அதே மாஸ்டரிடம் கற்றதும் தமிழ் வாசகர் அறிந்த செய்திகள். இன்று தனிவகுப்புக்கு வருபவர்களுள் அந்தப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வருபவர்களும் உண்டு, ஒரு திரைப்பாடலின் தொடக்கத்தில் வரும் நான்கு விநாடி கிட்டார் ஒலியால் இழுக்கப்பட்டு வருபவர்களும் உண்டு. இரண்டாமவர்களே நீண்டநாள் நிலைப்பவர்கள் என்பது இக்கட்டுரையாளரின் அனுபவம். ஏனெனில் அவர்கள் ஏற்கெனவே ஓர் ஒலியைக் கேட்டிருக்கிறார்கள், அதைத் தேடிக்கொண்டே வருகிறார்கள்.

முதல் நாள் கொண்டுவரும் கருவியே பலருக்கு முதல் தடையாக இருப்பதுண்டு. தந்திக்கும் அதன் கீழே விரற்பலகையில் பதித்த உலோகக் கட்டைகளுக்கும் இடையே உள்ள உயரத்தை ஆக்‌ஷன் என்பர். அந்த உலோகக் கட்டைகள் ஃப்ரெட் எனப்படுகின்றன, வீணையில் மெழுகின்மேல் பதிக்கப்படும் மெட்டுகளின் வேலையை அவை செய்கின்றன. எஃகுத் தந்தி பூட்டிய கிட்டாரில் 12ஆம் ஃப்ரெட்டின் மேலே இந்த உயரம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் வரை இருந்தால் விரல் எளிதாக அழுத்தும். மலிவுக் கருவிகளில் அது 4 மில்லிமீட்டரைத் தாண்டி நிற்பதால், பத்து வயதுக் குழந்தை தன் விரல்நுனி சிவந்து தழும்பேறுவதற்குத் தன் திறமைக் குறைவே காரணம் என்று எண்ணிவிடுகிறது. ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடையளவுக்கு மரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதாலும், கடலோர ஈரக்காற்றில் மரம் உப்புவதாலும், மே மாதத்தில் மூடிய காருக்குள் வைத்த கிட்டாரின் பசை இளகுவதாலும், வாங்கியபோது சரியாக இருந்த உயரமும் நாளடைவில் மாறிவிடும். ஆகவே, பாடத்தைத் தொடங்குமுன் கருவியைப் பழுதுபார்ப்பவரிடம் அனுப்பிச் சரிசெய்துவரச் சொல்வதும், சிறுவர்களுக்கு நைலான் தந்தி பூட்டிய முக்கால் அளவுக் கிட்டாரைப் பரிந்துரைப்பதும் இக்கட்டுரையாளரின் வழக்கம். வலியைப் பொறுத்துக்கொள்வதே சாதகம் என்ற எண்ணம் பெற்றோரிடம் பரவலாக உள்ளது. பொறுத்துக்கொள்ள வேண்டிய வலி சிறிது உண்டுதான். ஆனால் கோணிய மரத்தால் வரும் வலி அந்தக் கணக்கில் சேராது.

சுருதி சேர்ப்பதிலிருந்தே கேட்கும் கல்வி தொடங்குகிறது என்பதால், அதைச் சற்று விரிவாகக் காண்பது தகும். கிட்டாரின் ஆறு தந்திகள், தடித்ததிலிருந்து மெல்லியது வரை, ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்னும் சுரங்களில் சேர்க்கப்படுகின்றன. ஒரு தந்திக்கும் அடுத்த தந்திக்கும் இடையேயுள்ள தூரம், கர்நாடக இசையின் சொல்லில், ஷட்ஜத்திலிருந்து சுத்த மத்யமம் வரையிலான தூரம். ஜி தந்திக்கும் பி தந்திக்கும் இடையே மட்டும் அது அந்தர காந்தாரத்தோடு நின்று ஓர் அரைச்சுரம் குறைகிறது. எல்லா இடைவெளிகளும் மத்யமமாகவே இருந்தால் மெல்லிய கடைசித் தந்தி எஃப் ஆகி, தடித்த ஈ தந்தியோடு அரைச்சுர மோதலில் நின்று, ஆறு தந்திகளையும் ஒருசேர மீட்டும் எளிய கார்டுகள் பலவற்றைக் கைக்கு எட்டாமல் செய்துவிடும். கார்ட் என்பது மூன்றோ அதற்கு மேற்பட்டோ சுரங்கள் ஒரே நேரத்தில் இணைந்து ஒலிப்பது. அந்த ஓரிடத்து விதிவிலக்கு ஏன் என்று முதல் மாதத்திலேயே கேட்கும் மாணவர் தம் காதையும் கையையும் சேர்த்தே பயன்படுத்துகிறார் என்று கொள்ளலாம்.

இன்று கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் ட்யூனர் செயலியைத் திறந்து, முள் நடுவில் நின்று பச்சை வண்ணம் தோன்றும்வரை திருகாணியைத் திருப்பினால் சுருதி சேர்ந்துவிடும். இக்கட்டுரையாளர் முதல் மூன்று மாதங்களுக்கு அந்தச் செயலியை வகுப்பில் அனுமதிப்பதில்லை. தடித்த ஈ தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டை அழுத்தினால் பிறக்கும் ஏ சுரம் விநாடிக்கு 110 முறை அதிர்கிறது. அடுத்துள்ள ஏ தந்தி சற்றுத் தளர்ந்து 108 முறை அதிருமானால், இரண்டையும் சேர்த்து மீட்டும்போது ஒலி விநாடிக்கு இருமுறை பெருத்துச் சிறுத்து அலைபோல் அசையும். இயற்பியல் பாடநூல் இதை விம்மல் என்கிறது, அதைவிடப் பொருத்தமான சொல் இதற்கு இல்லை. திருகாணியை மெல்ல ஏற்றும்போது விம்மல் மெதுவாகி, நீண்டு, ஒரு புள்ளியில் அடங்கிவிடும்; அடங்கிய அந்த நொடியில் இரண்டு தந்திகள் ஒன்றாகிவிட்டதை மாணவர் தம் நெஞ்சோடு அணைத்த மரப்பெட்டியின் வழியாகவே உணர்வார். முதல் வாரத்தில் பெரும்பாலானோர்க்கு விம்மல் காதில் படுவதேயில்லை. அது கேட்கத் தொடங்குவது மூன்றாவது அல்லது நான்காவது வாரத்தில். ஒவ்வொரு பாடத்திலும் பத்து நிமிடம் இதற்கே செலவாவதைக் கண்டு பணம் வீணாகிறதென்று வருந்திய பெற்றோர் உண்டு. அவர்களை அருகில் அமர்த்தி விம்மலைக் கேட்கச் செய்வதைத் தவிர வேறு விளக்கம் பயன்பட்டதில்லை.

நன்கு பழகிய காதுக்கு அடுத்த சிக்கல் ஒன்று காத்திருக்கிறது. நான்கு ஆண்டுகள் வாய்ப்பாட்டு பயின்றபின் கிட்டாருக்கு வந்த பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, ஈ மேஜர் கார்டை மீட்டி, முகம் சுளித்து, ஜி தந்தியைத் தானாகவே மயிரிழை இறக்கிக்கொண்டாள், கார்ட் இனித்தது. அடுத்து ஜி மேஜர் கார்டுக்கு வந்ததும் மறுபடி முகம் சுளித்து, "சார், இந்த ஜி ரெண்டு எடத்துல ரெண்டு மாதிரி இருக்கு" என்றாள். அவள் கேட்டது முற்றிலும் சரி. ஈ மேஜரில் ஜி தந்தியின் முதல் ஃப்ரெட்டில் விழும் சுரம் ஈ-க்கு அந்தர காந்தாரம். தம்புராவின் கார்வையில் தூய்மையாக எழும் அந்தர காந்தாரத்தைவிடக் கிட்டாரின் ஃப்ரெட் தரும் சுரம் ஏறத்தாழ 14 சென்ட் உயர்ந்து நிற்கிறது, சென்ட் என்பது ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பகுத்ததில் ஒரு பங்கு. அவள் அந்த 14 சென்ட்டைத் தன் காதாலேயே இறக்கியிருந்தாள். அதனால் திறந்த ஜி தந்தி தன் உண்மையான இடத்திலிருந்து தாழ்ந்து, தடித்த தந்தியில் ஒலித்த ஜி-யோடு ஒட்டாமல் போயிற்று. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்குகளாகப் பிரித்து, எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்டாலும் கார்டுகள் ஏற்கத்தக்கவையாக ஒலிக்கச் செய்வதற்காக, ஒவ்வொன்றிலும் சிறிதளவு புளிப்பைப் பகிர்ந்து வைக்கும் ஏற்பாட்டுக்குச் சமபங்குச் சுருதி என்று பெயர். பெரியவர்களுக்கே விளங்கவைக்கச் சிரமமான இந்தச் செய்தியை அந்தச் சிறுமி ஒரே பாடத்தில் புரிந்துகொண்டாள், ஏனெனில் விடைக்கு முன்பாகவே கேள்வி அவள் காதில் எழுந்திருந்தது.

கர்நாடக இசை அறிந்த குழந்தைகளுக்கும் கிட்டாருக்கும் இடையே இன்னொரு முரண் உண்டு. பாட்டு வகுப்பில் ஷட்ஜம் ஒவ்வொருவர் குரலுக்கும் ஏற்ப இடம் மாறும். ஒரு கட்டை என்பது மேற்கத்திய முறையின் சி, ஐந்து கட்டை என்பது ஜி. ஐந்து கட்டையில் பாடிப் பழகிய பிள்ளையிடம், சி-தான் ‘ச’ என்று சொல்லிக்கொடுக்கும் வழக்கம் நகரத்தில் பரவலாக உள்ளது. அதனால் ஜி-யை ஆதாரமாகக் கொண்ட பாடலை வாசிக்கும்போது அப்பிள்ளை தன் காது சொல்லும் ‘ச’-வையும் ஆசிரியர் சொன்ன ‘ச’-வையும் சேர்த்துவைக்க முடியாமல் திகைக்கிறது. எழுத்துப் பெயரை வீட்டு இலக்கத்துக்கும் சுரப்பெயரை உறவுமுறைக்கும் ஒப்பிட்டு இக்கட்டுரையாளர் விளக்குவார்: ஒருவரே ஒருவருக்கு மாமாவாகவும் மற்றொருவருக்குச் சித்தப்பாவாகவும் இருக்கலாம், அவர் குடியிருக்கும் வீட்டின் இலக்கம் மாறுவதில்லை, அதுபோல ஜி என்ற இடம் சி-யின் குடும்பத்தில் பஞ்சமம், டி-யின் குடும்பத்தில் மத்யமம், தன் சொந்தக் குடும்பத்தில் ஷட்ஜம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு உறவுமுறையின் நுட்பம் ஊறிய ஒன்றாதலால், இதைச் சொன்ன மறுகணமே அவர்கள் புரிந்துகொள்கிறார்கள். சங்கராபரணம் மேஜர் ஸ்கேல் என்றும், நடபைரவி இயல்பான மைனர் ஸ்கேல் என்றும், மோகனம் ஐந்து சுர மேஜர் பென்டடானிக் என்றும் அதன் பிறகு அறிமுகமாகும்போது, புதிய பாடம் ஏற்கெனவே அறிந்த வீட்டின் பின்வாசலாகத் தோன்றும். கமகங்களோடு கர்நாடக இசையையே கிட்டாரில் வாசிக்க விரும்புவோரை அதற்குரிய ஆசிரியரிடம் அனுப்பிவிடுவதே முறை, மாண்டலினில் யு. ஸ்ரீனிவாஸும் கிட்டாரில் ஆர். பிரசன்னாவும் எட்டிய உயரம் அப்பாதையில் செல்ல முடியும் என்பதைக் காட்டுகிறது, ஆனால் அதை அரைகுறையாகக் கற்பிக்க எவருக்கும் உரிமை இல்லை.

எந்தப் பாடலையும் விரலுக்கு முன் குரலுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது இக்கட்டுரையாளர் தளர்த்தாத ஒரே விதி. குழந்தை தாய்மொழியைப் பேசிக் கேட்டே கற்று, எழுத்தைப் பின்னர் அறிவதுபோல இசையையும் கற்கலாம் என்று ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுஸுகி நிறுவிக் காட்டினார். அமெரிக்க இசைக்கல்வியாளர் எட்வின் கோர்டன், ஒலிக்காத இசையை மனத்துக்குள் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனுக்குத் தனிப்பெயரிட்டு அதையே இசைக்கல்வியின் அடித்தளமாக்கினார். நம் பாட்டு வகுப்புகளில் குரு ஒருமுறை பாட, சிஷ்யர் திருப்பிப் பாடும் வழக்கத்துக்கு இவை தூரத்துச் சொந்தங்கள் அல்ல, நெருங்கிய உறவுகள். பாட வெட்கப்படும் பதின்ம வயதினர் விசிலடித்தாலும் போதும். வாயில் வராத சுரம் விரலில் வந்தால் அது தற்செயல். அடுத்த நாள் அது வராமல் போகும்போது ஏன் வரவில்லை என்று கண்டுபிடிக்க அவர்களிடம் எந்த வழியும் இருக்காது.

கையைப் பற்றிச் சொல்ல வேண்டியவற்றுள் எஃப் மேஜர் கார்டுக்குத் தனியிடம் உண்டு, ஏனெனில் கிட்டாரைக் கைவிட்டவர்களுள் மிகப் பலர் அதைக் கைவிட்டது அந்த வாசலில்தான். ஆள்காட்டி விரலை ஆறு தந்திகளின்மேலும் படுக்கவைத்து ஒருசேர அழுத்துவதற்கு பாரே என்று பெயர். எஃப் மேஜரில் அதை முதல் ஃப்ரெட்டிலேயே செய்ய வேண்டியிருக்கிறது. கிட்டாரின் தலைப்பக்கத்தில் தந்திகள் ஏறிச்செல்லும் நட் என்னும் சிறு தாங்கிக்கு மிக அருகில் தந்தி விறைத்து நிற்பதாலும், 650 மில்லிமீட்டர் தந்தி நீளமுள்ள கிட்டாரில் முதல் கட்டத்தின் அகலம் ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் ஆகையால் மற்ற விரல்கள் அகன்று விரிய வேண்டியிருப்பதாலும், பாரே மிகக் கடினமாக அமையும் இடம் அதுவே. ஆனால் பாடப்புத்தகங்களின் வரிசை மாணவரை நேராக அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. அதே விரலமைப்பை 5ஆம் ஃப்ரெட்டில் வைத்தால் கட்டத்தின் அகலம் 29 மில்லிமீட்டராகக் குறைகிறது, தந்தியும் இணங்குகிறது. அங்கே அது ஏ மேஜராக ஒலிக்கும். அங்கிருந்து வாரத்துக்கு ஒரு கட்டமாகப் பின்னோக்கி இறங்கிவந்தால் எஃப் ஐந்தாம் வாரத்தில் கைக்கு வந்துவிடும். விரலின் சதைப்பற்றான உட்பக்கத்தைவிடக் கட்டைவிரலை நோக்கிய எலும்புப் பக்கத்தைச் சற்றே திருப்பி வைப்பதும், கட்டைவிரலால் பின்னாலிருந்து நெருக்குவதற்குப் பதிலாக முழங்கையின் எடையைத் தொங்கவிட்டுக் கையைப் பின்னோக்கி இழுப்பதும் அழுத்தத்தைப் பாதியாகக் குறைக்கும். இவ்வளவும் சொல்லித்தரக்கூடியவை. சொல்லித்தர முடியாதது ஒன்று உண்டு: ஆறு தந்திகளுள் எது மந்தமாக ஒலிக்கிறது என்று தந்தி தந்தியாக மீட்டிக் கேட்டு, மந்தமான அந்த ஒன்றுக்கு மட்டும் விரலைத் திருத்தும் பொறுமை. அது இல்லாதவர் ஆறையும் சேர்த்து இன்னும் பலமாக நெருக்குவார், கை வலித்து விட்டுவிடுவார்.

சாதகம் என்ற சொல் நம்மிடம் நெடுங்காலமாக உள்ளதால், அதன் அளவைப் பற்றிய பேச்சே அதிகம், தன்மையைப் பற்றிய பேச்சு குறைவு. வயலின் மாணவர்களை ஆராய்ந்து ஆண்டர்ஸ் எரிக்சனும் உடனாய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பத்தாயிரம் மணி நேரம் என்ற எண் மட்டும் பிரிந்துவந்து உலகெங்கும் பரவியது. அக்கட்டுரையின் உயிர், குறிப்பிட்ட குறை ஒன்றை முன்வைத்து முழுக் கவனத்தோடு செய்யும் பயிற்சியைப் பற்றிய விளக்கத்தில் இருந்தது. ஸரளி வரிசையை முதற்காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகத்தை இரட்டித்துச் சாதகம் செய்யும் நம் மரபில், முதற்காலத்தைச் சரியாகப் பாடாதவரை இரண்டாவதற்குப் போகக்கூடாது என்ற ஒழுங்கு இருக்கிறது. அதே ஒழுங்கைக் கிட்டாருக்குக் கொண்டுவருவது எளிது; கடைப்பிடிக்கச் செய்வது கடினம். இத்தாலியக் கிட்டார் கலைஞர் மாவ்ரோ ஜூலியானியின் வலக்கைப் பயிற்சிகள் 120-உம், இடக்கைக்கு சி மேஜர், ஜி செவன்த் என்ற இரண்டே கார்டுகளை மட்டும் கொடுத்து, வலக்கை விரல்களின் வரிசையை மாற்றி மாற்றிக் கேட்கின்றன. ஒரு கையை ஓய்வில் வைத்து மறுகையைக் கவனிக்கச் செய்யும் அந்த வடிவமைப்பு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட ஆசிரியர் பயிற்சி நூல் என்றே கருதத்தக்கது.

வீட்டுச் சாதகத்துக்கு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். அதில் என்ன வாசித்தோம், நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று மெட்ரோனோமில் வைத்த எண் என்ன, காதில் என்ன கேட்டது என மூன்று பத்திகள். மெட்ரோனோம் என்பது தாளத்தைச் சீராகத் தட்டும் கருவி. தொடக்க மாதங்களில் மூன்றாம் பத்தியில் "நல்லா வந்துச்சு" அல்லது "சரியா வரல" என்றே எழுதப்பட்டிருக்கும். ஐந்தாறு மாதங்களில் "60-ல் சரி, 66-ல் நாலாம் விரல் கீழ்த்தந்தியில் உரசுகிறது" என்பது போன்ற வரிகள் வரத் தொடங்கும். அந்த வரியை முதன்முறையாகப் படிக்கும் நாளில் ஆசிரியருக்கு ஏற்படும் நிறைவு, அம்மாணவர் மேடையில் வாசிக்கும் நாளில் ஏற்படுவதைவிடக் குறைந்ததன்று. உரசலை அவர் கேட்டிருக்கிறார். திருத்தம் பாதி முடிந்துவிட்டது. நோட்டை எழுதாமல் வருபவர்களைக் கடிந்துகொள்வதில்லை என்ற முடிவுக்கும் இக்கட்டுரையாளர் காலப்போக்கில் வந்தார். பாடத்தின் முதல் பத்து நிமிடங்களில், அவர்கள் வீட்டில் செய்திருக்க வேண்டிய சாதகத்தை ஆசிரியர் பேசாமல் பார்த்திருக்க இங்கேயே செய்யவைப்பது கடிந்துகொள்வதைவிடப் பயன்தந்தது, ஏனெனில் பலருக்கு மனமில்லாததைவிடத் தனியே எப்படித் தொடங்குவது என்று தெரியாததே தடையாக இருந்தது.

தேர்வுகளைப் பற்றி இரு கருத்துகள் இத்துறையில் உண்டு. ட்ரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வுகள் தொடக்கநிலை ஒன்றும் அதன்மேல் எட்டு கிரேடுகளுமாக அமைந்தவை. நூற்றுக்கு 60 பெற்றால் தேர்ச்சி, 75 பெற்றால் மெரிட், 87 பெற்றால் டிஸ்டிங்ஷன். முன்பின் அறியாத ஒருவர் எதிரே குறித்த நாளில் வாசித்தாக வேண்டும் என்ற கட்டாயம் மாணவரை உருவாக்குகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் மூன்றே உருப்படிகளை உருப்போட்டு மெரிட் வாங்கியும், தாமே சுருதி சேர்க்கவும் கேட்ட பாட்டொன்றைத் தேடி வாசிக்கவும் தெரியாமல் வேறிடத்திலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகள் ஒருவர் இருவரல்லர். இக்கட்டுரையாளர் தம் முதல் நான்கு ஆண்டுகளில் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் பன்னிரண்டு பிள்ளைகள் ஓர் அறையில் அமர்த்தப்பட்டனர். நாற்பது நிமிட வகுப்பில் பதினைந்து நிமிடம் பன்னிரண்டு கருவிகளுக்கும் ஆசிரியரே சுருதி சேர்ப்பதில் கழிந்தது. பிள்ளைகளுக்கு அதைக் கற்றுத்தரலாம் என்று கேட்டபோது, தேர்வில் அதற்கு மதிப்பெண் இல்லை என்ற பதில் வந்தது. அந்தப் பதில் தந்த வருத்தமே அவரைத் தனிவகுப்புக்குக் கொண்டுவந்தது. அந்த நான்கு ஆண்டுகளில் அவர் கையிலிருந்து சென்ற பிள்ளைகளுக்கு அவர் கடன்பட்டிருப்பதாக இன்றும் உணர்கிறார்.

இரவு எட்டு மணிக்கு மேல் அலுவலகப் பையோடு வரும் பெரியவர்களின் நிலை வேறு. விரல்கள் இணங்க அதிக நாளாகும் என்பது உண்மையானாலும், பெரியவர்களைத் தடுப்பது விரலைவிட அச்சம். நல்ல இசையை முப்பது ஆண்டுகள் கேட்டுப் பழகிய காது தன் முதல் ஒலியைக் கேட்டு மனமுடைந்துபோகிறது. குழந்தைக்கு அந்தச் சுமை இல்லை. இவர்களுக்கு முதல் வாரத்திலேயே, இரண்டே தந்திகளில் வாசிக்கக்கூடியதாயினும், முழுமையான ஒரு மெட்டைக் கையில் கொடுத்துவிட வேண்டும், ஆசிரியர் உடன் கார்ட் வாசிக்க வேண்டும். அப்போது அவர்கள் கேட்பது ஒரு பயிற்சியை அல்ல, இசையை.

கட்டணத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. மாதக் கட்டணத்தை முன்கூட்டியே பெறுவதும், மாணவர் தவறவிட்ட வகுப்புக்கு ஈடு தருவதில் வரம்பு வைத்திருப்பதும், இரு தரப்புக்கும் மனக்கசப்பு வராமல் காக்கும்.

2020இல் பொதுமுடக்கம் வந்து வகுப்புகள் கணினித் திரைக்கு மாறியபோது, தனிவகுப்பின் அடிப்படையே தகர்ந்துவிட்டதாகத் தோன்றியது. ஒலி ஒருபுறமிருந்து மறுபுறம் சேரும் தாமதத்தால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாசிக்க முடியவில்லை. காணொளிச் செயலிகள் பேச்சுக்காக அமைக்கப்பட்டவை ஆதலால், நீண்டு ஒலிக்கும் கிட்டார் கார்வையை இரைச்சலென்று கருதி வெட்டிவிட்டன. கை நீட்டி மாணவரின் மணிக்கட்டைத் திருத்தவும் முடியவில்லை, அவரது திருகாணியைத் தொடவும் முடியவில்லை. ஆனால் அந்த ஓராண்டில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது: ஒன்பது வயதுப் பிள்ளைகள்கூடத் தாமே சுருதி சேர்க்கக் கற்றுக்கொண்டார்கள், அறுந்த தந்தியைத் தாமே மாற்றினார்கள், ஒலி சரியாகக் கேட்கவில்லை என்று ஆசிரியர் சொன்னபோது என்ன வாசித்தோம் என்பதைத் தாமே விவரித்தார்கள். வகுப்புகள் மீண்டும் அறைக்குத் திரும்பியபின், கை நீட்டி உதவும் பழக்கத்தை இக்கட்டுரையாளர் பெருமளவு குறைத்துக்கொண்டார். தம் நல்லெண்ணமே பல ஆண்டுகளாகச் சில காதுகளை உறங்கவைத்திருந்தது என்பதை ஏற்றுக்கொள்வது எளிதாக இருக்கவில்லை.

ஓராண்டுக்கு மேல் பயின்ற மாணவர்களுக்கு அவர் எப்போதாவது வைக்கும் சோதனை ஒன்று உண்டு. மாணவர் வருமுன், தம் கிட்டாரின் பி தந்தியை மட்டும் மிகச் சிறிதளவு தளர்த்திவைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அன்றைய பாடத்தின் முதல் கார்டுகளை மீட்டத் தொடங்குவார். சிலர் பாடம் முழுவதும் சேர்ந்தே வாசித்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு அடுத்த வாரம் விம்மலிலிருந்து மறுபடி தொடங்கப்படும். சென்ற மழைக்காலத்தில், அதிகம் பேசாத பதினான்கு வயதுப் பையன் ஒருவன் நான்காவது கார்டில் தன் கையை நிறுத்தித் தலையைச் சாய்த்துக் கேட்டான். தன் கிட்டாரில் ஒவ்வொரு தந்தியாகச் சரிபார்த்து, அதில் குறையில்லை என்று உறுதிசெய்துகொண்டான். பிறகு தயங்கித் தயங்கி, "சார், உங்களோடத கொஞ்சம் குடுங்க" என்று கை நீட்டினான். சன்னலை மூடச் சொல்லி, வெளியே பெய்த மழையின் ஓசை அடங்கும்வரை காத்திருந்து, ஜி தந்தியின் 4ஆம் ஃப்ரெட்டையும் பி தந்தியையும் சேர்த்து மீட்டி, திருகாணியை ஏற்றி, இறக்கி, மீண்டும் ஏற்றினான். அன்றைய பாடம் எட்டு நிமிடம் தாமதமாகத் தொடங்கியது.